முகத்துவாரம் வெட்டிய பக்கம்

முன்பெல்லாம் முகத்துவாரம் வெட்டுவதற்கு மண் அள்ளுகிற ஒரு பெக்கோ இயந்திரமும் ஒரு நல்ல சண்டையும் போதுமாயிருந்தன. மாரி மழை பிடித்து, வாவி வீங்கி, கரையோர வட்டைகள் என்கிற வயல்வெளிகளுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கமக்காரர்கள் ஒரு பக்கம் நின்று கத்துவார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மண்திட்டை வெட்டிவிடு, தண்ணீர் கடலுக்குப் போகட்டும், நெல் பிழைக்கட்டும் என்பார்கள். மீனவர்கள் மறுபக்கம் நின்று கத்துவார்கள். இப்போது வெட்டினால் வளராத இறாலெல்லாம் கடலோடு போய்விடும், இன்னும் கொஞ்சம் பொறு என்பார்கள். நடுவில் ஓர் அதிகாரி குடையோடு நின்று இரண்டு பக்கத்தையும் கும்பிடுவார். பின்நேரம் ஆகும்போது ஒரு பக்கத்துக்குத் தொண்டை கட்டிவிடும். கட்டாத பக்கம் வென்றுவிடும். இதை நியாயமான முறை என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் இருட்டுவதற்குள் முடிவென்று ஒன்று வந்தது.

இந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் வாவி வளங்கள் ஒருங்கிணைந்த கூட்டு முகாமைத்துவ நிலையம் வந்தது. பெயர்ப்பலகையில் அந்தப் பெயர் இரண்டு வரி பிடித்தது; மூன்றாவது வரியில் தொலைபேசி எண் எழுத இடமில்லாமல் விட்டுவிட்டார்கள். சனங்கள் வாவிக் கந்தோர் என்று சொல்லி வேலையைச் சுருக்கிக்கொண்டார்கள். வந்த முதல் வருடம் கந்தோர் மேசை, கதிரை என்று தளபாடம் வாங்கியது. இரண்டாம் வருடம் விக்கி வாங்கியது.

விக்கி என்றால் கணினியிலும் போனிலும் திறக்கிற பக்கங்கள். கந்தோருக்கும் கமக்காரருக்கும் மீனவருக்கும் பொதுவானவை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், இன்னொருவர் எழுதியதைத் திருத்தலாம், எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். உலகமெல்லாம் இதை வைத்து வேலை செய்கிறார்கள் என்றும், வேலை நடக்கிறது என்றும் சொல்கிறார்கள். அதைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனமில்லை. உலகத்தில் வாவிக் கந்தோர் ஒன்றுதானே இருக்கிறது.

திறப்பு விழாவில் மடிகணினி ஒன்றை மேசையில் வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பணிப்பாளர் ஜெயராஜா வெள்ளைத்துணி விரித்த உயரமான கதிரையிலிருந்து எழுந்து பேசினார்.

"இதுவரை நீங்கள் கத்தினீர்கள். கத்தியது காற்றோடு போயிற்று. இனி எழுதுவீர்கள். எழுதியது நிற்கும். இந்த விக்கியில் பெரியவர் சின்னவர் இல்லை. நான் பணிப்பாளர் என்பதையே நீங்கள் மறந்துவிட வேண்டும். மறந்துவிட்டீர்களா என்பதை ஒவ்வொரு மாதமும் நான் நேரில் பரிசீலிப்பேன். ஒரு பக்கத்தில் தீர்மானம் எழுதப்பட்டு, மூன்று நாள் ஒருவரும் அதில் கைவைக்காவிட்டால், அது அனைவரின் சம்மதம். அந்த நிமிடமே பெக்கோ புறப்படும். பக்கத்தில் இருப்பது நடக்கும். பக்கத்தில் இல்லாதது இல்லை."

முன்வரிசையில் இருந்து நல்லரத்தினம் கைதட்டினார். மனமாரத் தட்டினார். வாவியின் மேற்கே படுவான்கரையில், தண்ணீரை ஒட்டிக் கிடக்கிற ஒரு வட்டையின் கமக்காரர் அமைப்புக்கு அவர் செயலாளர். ஆசைப்பட்டு ஆனவரல்ல, தெரிவு நடந்த கூட்டத்துக்குப் பிந்திப் போனதற்கான தண்டனை அது. கத்திக் கத்தி ஒவ்வொரு மார்கழியும் அவருக்கு நெஞ்சு நோகும். மூன்று ஏக்கர் வயல், மழையை நம்பி வருடத்துக்கு ஒரு போகம். அந்த ஒரு போகத்தில்தான் வீட்டுச் சோறும் அடுத்த மாரிக்கான விதைநெல்லும் கிடைக்க வேண்டும். இனிக் கத்தாமலே நெல்லைக் காப்பாற்றலாம் என்று ஒரு பெரிய மனிதர் சொன்னால் யார்தான் கைதட்டமாட்டார்கள்?

விழா முடிவில் நன்றியுரை ஒன்று நடந்தது. பணிப்பாளருக்கும், விளக்குக் கொண்டுவந்தவருக்கும், மாலை கட்டியவருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், வருகை தந்தோருக்கும், வர நினைத்து வராதோருக்கும் நன்றி சொல்லி முடிய, தேத்தண்ணியோடு கொடுக்க வைத்திருந்த ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. எங்கள் பகுதியில் நன்றியுரை இல்லாமல் ஒரு கூட்டம் முடிந்தால் அது முடிந்ததாகவே கணக்கில்லை. அதைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை.

மார்கழியில் மழை பிடித்தது. விடாத மழை. வயலில் நெல் குடலைப் பருவம், அதாவது கதிர் வெளியே வராமல் மடலுக்குள் சூலாயிருக்கிற பருவம். அந்த நேரத்தில் பயிரின் தலை மூழ்கினால், பிறகு தண்ணீர் எவ்வளவு நல்லபடி வடிந்தாலும் வைக்கோல்கூட மிஞ்சாது. நல்லரத்தினம் வரம்பில் நின்று பார்த்தார். வாவித் தண்ணீர் பள்ளக்காணிகளுக்குள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கந்தோருக்குப் போன் அடித்தார்.

"போன்ல சொன்னா பதிவாகாது ஐயா. பக்கத்துல போடுங்க," என்றது ஒரு பெண் குரல்.

பக்கத்தில் போடத் தெரியாததால் தோணி ஏறிக் கந்தோருக்கே போனார். குரலுக்குச் சொந்தக்காரி கம்சாயினி, விக்கிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். பட்டம் பெற்று நாலு வருடம் வேலைக்குக் காத்திருந்து வந்தவள். நல்ல பிள்ளை. அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, 'முகத்துவாரம் வெட்டுதல்' என்று புதுப்பக்கம் திறந்து, அவருடைய போனிலும் அதைத் திறக்கக் காட்டிக்கொடுத்தாள். நல்லரத்தினம் ஒற்றை விரலால் எழுதினார்: 'தண்ணி வட்டைக்குள்ள வந்திட்டு. வாயை வெட்டுங்க.'

தேத்தண்ணி முடிவதற்குள் அந்த வசனத்தின் தலையில் சிவப்பாக ஒரு குறிப்பு விழுந்தது: ஆதாரம் தேவை.

"இது என்ன மகள்?"

"தண்ணி வந்திட்டு எண்டு எழுதியிரிக்கிறீங்க. அதுக்கு ஆதாரம் வேணும் ஐயா."

"நான் பார்த்திட்டுத்தானே வாறன். என்ட சாரத்தப் பாருங்க, முழங்கால்வரைக்கும் நனைஞ்சிரிக்கி."

"அது சொந்த ஆய்வு. விக்கியில சொந்த ஆய்வு ஏலா. வேற எங்கயாச்சும் பிரசுரமாகியிருக்கோணும்."

"என்ட வயலப் பத்தி ஆரு மகள் பிரசுரிப்பா?"

"அதான் ஐயா பிரச்சினை," என்று அவள் உண்மையிலேயே கவலைப்பட்டாள்.

சந்தியில் இணையச் செய்தி நடத்துகிற ஒருவரைப் பிடித்தார் நல்லரத்தினம். அடுத்த நாள் செய்தி வந்தது: வட்டையில் வெள்ளம், விவசாயி நல்லரத்தினம் தெரிவிப்பு. அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் சிவப்புக் குறிப்பு நீங்கியது. நல்லரத்தினம் சொன்னதை நம்பாத கந்தோர், நல்லரத்தினம் சொன்னதாக இன்னொருவர் சொன்னதை உடனே நம்பியது. இதற்கு ஒரு நாள் போயிற்று. வயலில் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தது.

கந்தோர் விறாந்தை வாங்குப்பலகையில் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நனைந்த மனிதர் இருந்தார். மீனவர் சங்கத் தலைவர் றொனால்ட். வருடா வருடம் முகத்துவாரத்தில் நின்று நல்லரத்தினத்தைப் பார்த்துக் கத்துகிறவர். இறால் இன்னும் வளரவில்லை, வெட்ட வேண்டாம் என்று எழுதவந்து, இறாலுக்கு ஆதாரம் கேட்கப்பட்டுக் காத்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனார்கள்.

"அண்ணன், உண்மையச் சொன்னா என்ட வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்திட்டு," என்றார் றொனால்ட். "தோணிய வாசக்கதவுல கட்டிப்போட்டு வாறன். இறால் போனாப் போகட்டும். சனம் எங்க போற? வெட்டுவம்."

எத்தனையோ வருடம் கத்தியும் வராத சம்மதம் ஒரு வடையும் தேத்தண்ணியுமாக வந்துவிட்டது. இரண்டு பேரும் மழையோடு ஓடிப்போய்ப் பணிப்பாளரிடம் சொன்னார்கள்.

"மெத்தச் சந்தோசம்," என்றார் ஜெயராஜா. "எங்க வச்சு இணங்கினீங்க?"

"தேத்தண்ணிக் கடையில சேர்."

"அங்கதான் பிழைச்சிட்டீங்க. இணக்கம் பக்கத்திலதான் ஏற்படோணும். கடையில ஏற்பட்ட இணக்கத்த நாங்க எப்படித் திருத்துற? அதோட பக்கத்தில இன்னும் முரண்பாடே பதிவாகல்ல. முரண்பாடு இல்லாம இணங்கினா அதுக்குப் பேர் இணக்கம் இல்ல, கூட்டுச்சதி."

ஆகவே இணங்கிவிட்ட இரண்டு பேரும் ஒரே கணினியின் முன்னால் இரண்டு கதிரை போட்டு இருந்து, ஒரு பின்நேரம் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். றொனால்ட் 'வெட்டக்கூடாது' என்று எழுதிவிட்டு எழும்புவார். நல்லரத்தினம் இருந்து 'வெட்ட வேண்டும்' என்று எழுதுவார். கோபம் போதாது என்று கம்சாயினி இரண்டு இடத்தில் எடுத்துக்கொடுத்தாள். கடைசியில் றொனால்ட் மனம்மாறுகிற கட்டம் வந்தது. அதை எழுதும்போது தன்னுடைய கண்ணே கலங்கிவிட்டதாக அவர் பிறகு சொன்னார்.

'முகத்துவாரத்தை உடனடியாக வெட்டுவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' பக்கத்தின் மூலையில் மூன்று நாள் கடிகாரம் ஓடத் தொடங்கியது. நல்லரத்தினம் வீட்டுக்கு வந்து மனைவி சுலோஜனாவிடம் சொன்னார்.

"மூணு நாள் பொறுத்தாக் காணும் புள்ள. கதிருக்கு ஒண்டும் வராது."

"மூணு நாளைக்கு ஒருத்தரும் ஒண்டும் எழுதக்கூடாதா?"

"ஓம். சும்மா இரிக்கிறதுதான் வேலை."

"அது அந்தக் கந்தோருக்கு லேசான வேலைதானே," என்றாள் சுலோஜனா. அப்போது இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அவர்கள் கந்தோரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் முடிகிற நேரம் பிரதிப் பணிப்பாளர் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். தீர்மானம் இருக்கிறது, நன்றியுரை இல்லை. மொட்டையாக நிற்கிற அந்தப் பக்கத்தைப் பார்க்க அவருக்கு மனம் கேட்கவில்லை. 'இத்தீர்மானத்துக்கு வழிகாட்டிய பணிப்பாளர் அவர்களுக்கு நன்றிகள்' என்று கீழே எழுதினார். பக்கத்தில் கைபட்டதால் கடிகாரம் மறுபடி மூன்று நாளுக்குப் போனது. பிரதிப் பணிப்பாளர் நன்றி சொல்லிவிட்டார் என்று கண்டதும் கணக்காளர் சொன்னார். கணக்காளர் சொன்னபின் நிர்வாக உத்தியோகத்தர் சொல்லாமல் இருக்கலாமா? அவர் பதவியில் மூத்தவர் என்பதால் கணக்காளரின் நன்றிக்கு மேலே தன் நன்றியை வைத்தார். கணக்காளர் அதைக் கீழே இறக்கினார். இப்படி இரண்டு நாள் நன்றிகள் ஏறி இறங்கின. வயலில் தண்ணீர் ஏறியது மட்டும்தான்.

ஒவ்வொரு திருத்தமும் அச்சிடப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, கோப்பில் போடப்பட்டு, அந்தக் கோப்பு படமெடுக்கப்பட்டு மறுபடியும் விக்கியில் ஏற்றப்பட்டது. பிறகு சாரதி நன்றி சொன்னார். காவலாளிக்கு எழுதத் தெரியாததால் அவர் சார்பில் கம்சாயினி சொன்னாள்.

"நீங்களுமா மகள்?" என்று கேட்டார் நல்லரத்தினம்.

"எல்லாரும் சொல்லக்குள்ள நான் மட்டும் சொல்லாம இரிந்தா என்ன நினைப்பாங்க ஐயா? இன்னும் என்ன நிரந்தரமாக்கல்ல."

அவர் பணிப்பாளரின் அறைக்குள் போய்க் கும்பிட்டார். "சேர், ஒருத்தரும் நன்றி சொல்லாம ஒரு மூணு நாள் இரிங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறன். குடலை மட்டத்துக்குத் தண்ணி வந்திட்டு."

ஜெயராஜாவின் முகம் வாடிவிட்டது. "நன்றி மறந்த சமூகமா நாங்க மாறோணும் எண்டு சொல்லுறீங்க," என்றார். ஆனாலும் பெருந்தன்மையான மனிதர். உடனே ஓர் அறிவுறுத்தல் எழுதினார்: இன்றிலிருந்து இப்பக்கத்தில் எவரும் நன்றி தெரிவிக்கலாகாது. எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்பதற்காக அதை அந்தப் பக்கத்திலேயே எழுதினார். கடிகாரம் மூன்றுக்குப் போனது. காலத்துக்கேற்ற அந்த அறிவுறுத்தலுக்காகப் பிரதிப் பணிப்பாளரும் கணக்காளரும் நிர்வாக உத்தியோகத்தரும் தனித்தனியாக நன்றி தெரிவித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருவழியாகப் பக்கம் அடங்கியது. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. நல்லரத்தினம் சாப்பாட்டை மறந்து போனையும் வயலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பின்நேரம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவர் வரம்பென்று நினைத்த இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பயிரின் நுனி மட்டும் பச்சையாகத் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தலை இன்னும் மூழ்கவில்லை. கடிகாரத்தில் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்த நேரம் கழிந்தால் பெக்கோ புறப்படும். விடியும்போது நெல் மூச்சு விடும்.

அப்போது போன் அதிர்ந்தது. பக்கத்தைத் தொடாமலே நன்றி சொல்வதற்கு விக்கியில் தனியாக ஒரு பொத்தான் இருப்பதைப் பணிப்பாளர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தார். அழுத்தினால் உரியவருக்கு மட்டும் செய்தி போகும், கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாது. தன் அறிவுறுத்தலுக்கும் பங்கம் வராமல், பண்பாட்டுக்கும் பங்கம் வராமல் அவர் அதை அழுத்தினார். நல்லரத்தினத்தின் போனில் வந்து நின்றது: பணிப்பாளர் உங்களுக்கு நன்றி தெரிவித்துள்ளார்.

நல்லரத்தினத்துக்கு அறுபது வயது நெருங்குகிறது. அந்த வயதுவரைக்கும் அவர் பார்த்த அதிகாரிகள் அவரை நாளைக்கு வா என்றிருக்கிறார்கள், வெளியே நில் என்றிருக்கிறார்கள். நன்றி என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் செய்தியை இரண்டு தரம் வாசித்தார். ஒரு பெரிய மனிதர் முகம்பார்த்து ஒரு சொல் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க அவரைப் பெற்றவர்கள் பழக்கவில்லை. ஈரவிரலைத் தலையில் துடைத்தார். செய்தியைத் தொட்டார். பக்கம் திறந்தது. அடியில் போய், 'நன்றி ஐயா' என்று எழுதிச் சேமித்தார்.

சேமித்த பிறகுதான் மூலையைப் பார்த்தார். அங்கே மூன்று நாள் என்று இருந்தது.

கம்சாயினி உடனே போன் எடுத்தாள். "ஐயா, என்ன ஐயா செய்து வச்சிரிக்கிறீங்க?" என்றாள். நல்லரத்தினம் தண்ணீருக்குள் நின்று அழுதார். கந்தோரைத் திட்டியாவது மனதை ஆற்றலாம் என்றால் இந்த முறை எழுதியது அவர் கை. அழிக்கலாமா என்று யோசித்தார். அழித்தாலும் அது ஒரு திருத்தம்தான்.

அடுத்த நாள் மேட்டுநிலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு வட்டை தெரியவில்லை, வாவிதான் தெரிந்தது. அதற்கடுத்த நாள் காற்றில் கம்பிகள் அறுந்து மின்சாரம் போயிற்று. போன் கோபுரமும் ஓய்ந்தது. கந்தோருக்குள் தண்ணீர் வந்து கோப்புகள் மிதந்தன. ஊர் முழுக்க ஒருவராலும் ஓர் எழுத்து எழுத முடியவில்லை. எங்கோ தூரதேசத்தில் இருக்கிற விக்கியின் கணினி மட்டும் நனையாமல் இருந்து கடிகாரத்தை ஓட்டியது. மூன்று நாள் ஒருவரும் கைவைக்கவில்லை. அனைவரின் சம்மதமும் கிடைத்துவிட்டது.

பெக்கோ வந்தது. ஓட்டுநர் றிஷாட் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி முகத்துவாரத்தைப் பார்த்தார். தண்ணீரின் பாரம் தாங்காமல் மண்திட்டு முதல்நாளே தானாக உடைந்து போயிருந்தது. வாவி பெரிய இரைச்சலோடு கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னத்தச் சேர் வெட்டுற?" என்று கேட்டார் றிஷாட். "கடலும் வாவியும் ஒண்டாக் கிடக்கு."

"தீர்மானம் வெட்டுறதெண்டுதான் இரிக்கி," என்றார் ஜெயராஜா. "உடைஞ்சது எண்டு பக்கத்தில இல்ல. வெட்டுறதுக்கு முன், வெட்டும்போது, வெட்டின பின் எண்டு மூணு படம் ஏத்தோணும். இல்லாட்டிப் பக்கம் பூர்த்தியாகாது."

றிஷாட் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். ஒருவரும் கூடச் சிரிக்காததால் ஏறி இயந்திரத்தைக் கிளப்பினார். கரையோரமாக மண்ணை அள்ளிக் குவித்து ஒரு திட்டுக் கட்டினார். படம் எடுத்தார்கள். அதை வெட்டினார். படம் எடுத்தார்கள். பயனாளி ஒருவர் படத்தில் இருக்க வேண்டும் என்பதால் நல்லரத்தினத்தைப் பெக்கோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கொஞ்சம் முகமலர்ச்சியாக நிற்கச் சொன்னார்கள். அவரும் தன்னால் முடிந்தமட்டும் நின்றார்.

தண்ணீர் வடிந்தபோது வயலில் நெல் கிடந்த கிடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பழுப்பு நிறத்தில் சேற்றோடு படிந்து, அழுகிய நாற்றத்தோடு கிடந்தது. சுலோஜனா ஒரு பிடியை இழுத்து மடலைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கதிர் கறுத்திருந்தது. அவள் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

வாவிக் கந்தோரில் பாராட்டு விழா நடந்தது. மழைக்கால ஆவணப்படுத்தலில் சிறந்து விளங்கியதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு கேடயம் வந்திருந்தது.

"உலகத்தில் எத்தனையோ வெள்ளம் வந்திருக்கிறது," என்று பேசினார் ஜெயராஜா. "ஆனால் எந்த வெள்ளமும் இந்த அளவுக்குத் திருத்தப்பட்டதில்லை. முன்னூறுக்கும் மேற்பட்ட திருத்தங்கள். தண்ணீர் எந்த வேகத்தில் ஏறியதோ அதே வேகத்தில் நாமும் எழுதினோம். ஒரு தடவைகூட நாம் பின்வாங்கவில்லை. அழிவு வந்தால் அழுவது பழைய முறை. அதை ஒழுங்காக வகைப்படுத்துவது புதிய முறை."

விழா முடிந்து, நன்றியுரையும் முடிந்தபின் நல்லரத்தினம் கம்சாயினியிடம் போனார். பயிர் அழிந்த காணிகளுக்கு அடுத்த மாரிக்கு விதைநெல் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். வட்டையில் ஒருவர் வீட்டிலும் விதைக்க ஒரு மணி நெல் இல்லை.

"பயிர் அழிவுக்குப் புதுப்பக்கம் திறக்கோணும் ஐயா. ஆனா பழைய பக்கம் திறந்தபடி இரிக்கக்குள்ள அதே வட்டைக்குப் புதுசு திறக்காது. பயனாளி உறுதிப்படுத்தினாத்தான் பழசு மூடும். வட்டைக்குச் செயலாளர் நீங்கதானே. நீங்க ஒருக்கா அமத்தினாக் காணும், எல்லாருக்கும் சேர்த்து."

திரையில் பார்த்தார். 'முகத்துவாரம் உரிய காலத்தில் வெட்டப்பட்டதால் வட்டையின் பயிர்கள் முழுமையாகக் காப்பாற்றப்பட்டன' என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய முகமலர்ச்சியான படம். அதற்குக் கீழே 'உறுதிப்படுத்துகிறேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான்.

"இது பொய்யெல்லோ மகள்."

"ஓம் ஐயா. திருத்தலாம். திருத்தினா மறுகா மூணு நாள். மறுகா எல்லாரும் வந்து நன்றி சொல்லுவாங்க. விதைநெல்லுக்குப் பதியிற கடைசி நாள் நாளைக்கு."

வட்டையில் உள்ள வீடுகள் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் வந்து போயின. அவர் பொத்தானை அமத்தினார். பழைய பக்கம் பூட்டிக்கொண்டது. கம்சாயினி சந்தோசமாகப் புதுப்பக்கத்தைத் திறந்தாள். 'வட்டை: பயிர் அழிவு' என்று தலைப்பிட்டுச் சேமித்தாள். திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு வரி வந்தது: இணைக்கப்பட்ட பக்கத்தின்படி இவ்வட்டையின் பயிர்கள் முழுமையாகக் காப்பாற்றப்பட்டுள்ளன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அவள் மூன்று தரம் செய்துபார்த்தாள். மூன்று தரமும் அதே வரி வந்தது. "எனக்குத் தெரியா ஐயா, சத்தியமா இப்படி வரும் எண்டு எனக்குத் தெரியா," என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளுக்காகவும் நல்லரத்தினம் பரிதாபப்பட வேண்டியதாயிற்று.

ஜெயராஜா கேடயத்தைச் சுவரில் எந்த இடத்தில் மாட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்கட ஆக்கள் எழுதினதெண்டா நான் இப்பவே அழிப்பன். இது நீங்க உறுதிப்படுத்தினது. ஒரு விவசாயிட வார்த்தைய அழிக்கிற அதிகாரம் இந்த நிலையத்தில ஒருத்தருக்கும் இல்ல. அந்த மரியாதைய உங்களுக்குக் குடுக்கத்தானே இவ்வளவு பாடுபட்டு விக்கியக் கொண்டுவந்தம்."

நல்லரத்தினம் தோணிக்கு வந்தார். வாவி இப்போது வடிந்து, தெளிந்து, ஒன்றும் நடக்காததுபோலக் கிடந்தது. அக்கரையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வழியில் இரண்டு மூன்று பேர் வேலிப்படலைக்கு வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டார்கள். பிறகு சொல்லுறன் என்று நடந்தார். வயல் பக்கமிருந்து அழுகல் நாற்றம் வீட்டு வாசல்வரை வந்திருந்தது. சுலோஜனா முற்றத்தில் வெள்ளத்தில் நனைந்த சாக்குகளைக் காயவிரித்துக்கொண்டிருந்தாள்.

"கந்தோரில என்னவாம்?" என்று கேட்டாள்.

"நம்மட வேளாண்ம தப்பிட்டாம். முழுசாத் தப்பிட்டாம்."

சுலோஜனா நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு வட்டையின் பக்கம் பார்த்தாள். கையிலிருந்த சாக்கை ஒருமுறை உதறினாள்.

"அப்ப கதிர எப்ப வெட்டுறதாம்?"

அதையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம் என்று நல்லரத்தினம் நினைத்தார்.